ராயக்கோட்டைக்கு 8,000 வராகன்

வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களையும், இரவு ஷிப்டு முடித்த கையோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களையும் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளிக்கு வரவேற்கிறேன்.

தோற்ற நாட்டின் மேல் சுமத்தப்படும் உடன்படிக்கை என்றதும் 1919ஆம் ஆண்டின் வெர்சாய்தான் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனி 13,200 கோடி தங்க மார்க் கட்ட வேண்டும் என்று 1921இல் விதித்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நம் காலடி மண்ணைப் பங்கு போட்ட உடன்படிக்கையை நம்மில் எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறோம்?

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தானது அது. ஒரு பக்கம் போரில் தோற்ற மைசூரின் திப்பு சுல்தான். மறுபக்கம் ஆங்கிலக் கும்பினி, நிஜாம், மராட்டியர். நாட்டில் பாதியைத் திப்பு விட்டுக்கொடுக்க வேண்டும். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதில் பாதி உடனே, மீதி மூன்று தவணையில். திப்புவின் தந்தை ஹைதர் காலம் முதல் பிடிபட்ட கைதிகள் எல்லோரையும் விடுவிக்க வேண்டும். இவை நிறைவேறும்வரை திப்புவின் மைந்தர்கள் அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும் பிணை. அந்தச் சிறுவர்கள் 1794இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அவர்களை ஏற்றுக்கொள்ளும் காட்சியை ஆங்கில ஓவியர்கள் விதவிதமாகத் தீட்டினார்கள். அந்த ஓவியங்களைப் பார்த்தே நம் வரலாற்றெழுத்து திருப்தி அடைந்துவிட்டது என்பது என் வருத்தம்.

உடன்படிக்கையின் உயிர் அதன் அட்டவணையில் இருக்கிறது. எந்தத் தாலுகா யாருக்கு, ஆண்டு வருமானம் எத்தனை வராகன் என்று அது வரி வரியாகச் சொல்கிறது. கும்பினியின் பங்கில், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியான பாராமகாலின் ஒன்பது தாலுகாக்களும் சேர்ந்து 1,34,000 வராகன். அதில் ராயக்கோட்டைக்கு வெறும் 8,000. வருமானத்தை வைத்துப் பார்த்தால் அற்ப ஊர். ஆனால் மலையேறி மைசூருக்குப் போகும் கணவாயின் வாசல் அது. 1799இல் ஜெனரல் ஹாரிஸின் கும்பினிப் படை அந்த வழியாகத்தான் ஏறிச் சென்றது. இரண்டே மாதத்தில் சீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். அடுத்த போரின் பாதையை வருமானக் கணக்கின் ஒரு வரிக்குள் வைத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். வெற்றி பெற்றவன் கேட்கும் நிலத்தை அதன் வருமானத்தால் மட்டும் அளக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பணம் எங்கிருந்து வந்தது? கஜானாவிலிருந்து ஒரு பகுதி போக, மற்றதைப் படையிடமும் அதிகாரிகளிடமும் குடிகளிடமும் திரட்டினார்கள் என்று மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் கூறுகிறார். 1791இல் ஆங்கிலேயர் பிடித்த ஓசூர், சமாதானத்துக்குப் பின் திப்புவிடமே திரும்பியது. அந்த வசூல் நடந்த நாட்டில்தான் இந்த ஊர் இருந்தது. கேழ்வரகு விதைத்த குடியானவனை யாரும் பேச்சுவார்த்தைக்கு அழைக்கவில்லை. சுமை மட்டும் அவன் வீட்டு வாசலுக்கு வந்தது.

மலைக்குக் கீழே, கும்பினியின் பங்கில், நடந்தது வேறு. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் ஆளுகைக்குள் போயின. தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். வயல் வயலாக அளந்து தீர்வை விதித்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணம் எங்கும் பரவிய ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடித்தளம் விழுந்தது. ஆக, 1792 முதல் ஏழு ஆண்டுகள், இன்று ஒரே மாவட்டமாக இருக்கும் ஓசூரும் கிருஷ்ணகிரியும் இரண்டு அரசுகளுக்கு வரி கட்டின. திப்பு வீழ்ந்த பிறகே ஓசூர் கும்பினியின் கைக்கு வந்து சேலத்தோடு இணைந்தது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் இந்தப் பகுதி இன்று தமிழ்நாட்டில் இருப்பதற்கான பல காரணங்களில் 1799இன் பங்கீடும் ஒன்று.

பாராமகால் ஆவணங்களைச் சென்னை அரசு 1907 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. கும்பினியின் நில அளவையாளர் மெக்கன்சி திரட்டிய கைபீதுகள் என்னும் ஊர் வரலாறுகள் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. மலைக்கு மேலும் கீழும் ஒரே ஆண்டில் ஒரு குடும்பம் எவ்வளவு கட்டியது என்பதை இவற்றோடு மைசூர்ப் பக்கத்துப் பதிவுகளையும் ஒப்பிட்டுத் தேட வேண்டும். கன்னடம், பாரசீகம், மராட்டியின் மோடி எழுத்து அறிந்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். மாலை அமர்வுக்குள் மூவர் கொண்ட குழு ஒன்றை அமைத்து, முதலில் ராயக்கோட்டைத் தாலுகாவை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.