காசைக் கொடுக்கும் முன்னே காதைக் கொடுப்போம்



"இப்பல்லாம் குழுவுல வண்டி ரிப்பேருக்குத்தான் நிறைய பேர் கடன் கேக்குறாங்க. உங்க வீட்டு வண்டி விஷயத்தை எல்லாருக்கும் சொல்லும்மா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வண்டி ஓட்டத் தெரியாது, ஸ்பேனர் பிடிக்கவும் தெரியாது. ஆனால் ஒரு வண்டி சத்தம் போட்டால் என்னென்ன கேள்வி கேட்கணும் என்று தெரிந்துகொண்டேன். அதை மட்டும் சொல்கிறேன்.

2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வண்டி வந்தது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி சின்ன லோடு வண்டியாக இருந்தாலும் நம்ம பக்கம் அதுக்குப் பேரு குட்டியானைதான். நம்மில் பல பேர் வீட்டில் அதுதான் சோறு போடுது. எங்க வீட்டிலேயும் ஒண்ணு இருக்கு. பழசாக வாங்கினது, பன்னிரண்டு வருஷ வண்டி. ராத்திரி மூணு மணிக்குக் கத்திரிக்காய், கொத்தவரங்காய் ஏற்றிக்கொண்டு விராலிமலை வழியாகத் திருச்சி காந்தி மார்க்கெட் போகும். பகலில் காலி வண்டியாகத் திரும்பி வரும்.

போன வருஷம் அதில் ஒரு சத்தம் வந்தது. 'டொக் டொக்' என்று, உரலில் இடிக்கிற மாதிரி. போகும்போது அதிகமாக இருக்கும், வரும்போது குறைவாக இருக்கும். மெக்கானிக் ஒருத்தர் கேட்டுவிட்டு, "லோடு ஏத்தினா கூடுது, லோடு இல்லன்னா குறையுது. உள்ளே பேரிங் போச்சு. இன்ஜினை இறக்கணும், நாப்பத்திரண்டாயிரம் ஆகும்" என்றார். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். லோடு ஏற்றும்போது இடி கூடினால் பேரிங்தான் என்று நினைப்பது ஞாயம்தான். ஆனால் பழைய கடனிலேயே இன்னும் ஒன்பது தவணை பாக்கி. வண்டியை வித்துடலாமா என்கிற அளவுக்கு எங்க வீட்டுக்காரர் போய்விட்டார்.

நான் ரெண்டு நாள் கேட்டேன். அந்த ரெண்டு நாளும் சத்தம் எப்போ வருது, எப்போ வரலை என்று ஒரு நோட்டில் எழுதினோம். நாம தீர்மான நோட்டு எழுதுகிற மாதிரிதான்.

வண்டி நிக்கும்போதும் சத்தம் வருதா? வருது. அப்படின்னா சக்கரத்தில் இல்லை. க்ளட்ச்சை மிதிச்சா மாறுதா? மாறலை. அப்படின்னா க்ளட்ச், கியர் பெட்டி பக்கம் சந்தேகம் குறைவு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதும் சூடான பிறகும் ஒரே மாதிரியா? ஒரே மாதிரிதான். ஆயில் அளவு சரியா இருக்கா, ஆயில் லைட் எரியுதா? அளவு சரி, லைட் எரியலை.

ஐந்தாவது கேள்வியில்தான் விஷயம் பிடிபட்டது. போகும்போது லோடு இருக்கு, சரி. வேற என்ன வித்தியாசம்? போறது ராத்திரி, வர்றது பகல். ராத்திரி முன் விளக்கு எரியும். அன்றைக்கே காலி வண்டியை வாசலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தோம். விளக்கு போட்டால் சத்தம் கூடுது, அணைத்தால் குறையுது! லோடே ஏற்றவில்லை, ஆனாலும் கூடுது.

வண்டிக்குக் கரண்டு எடுத்துக் கொடுக்கிறது ஆல்டர்னேட்டர். சில பேர் டைனமோ என்பார்கள். இன்ஜின் சுற்றும்போது ஒரு பெல்ட் அதைச் சுற்ற வைக்கும். விளக்கு எரிந்தால் அதுக்கு வேலை கூடும். நம்ம கிரைண்டரில் மாவு கெட்டியானால் மோட்டார் திணறுகிற மாதிரி.

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் படித்துப் பார்த்தார். நீளமான திருப்புளியின் முனையை இன்ஜினில் ஒவ்வொரு இடமாக வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓட விட்டார். அந்த பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. அதிக நேரம் ஓட விட்டால் இன்ஜின் சூடேறிக் கெட்டுவிடும். பெல்ட் இல்லாதபோது இடி சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. சத்தம் இன்ஜினுக்குள்ளே இல்லை, பெல்ட் சுற்றுகிற சாமானில் இருக்கு. ஆல்டர்னேட்டரின் பேரிங் தேய்ந்து, அதைத் தாங்குகிற போல்ட்டும் லூசாகி ஆடிக்கொண்டிருந்தது. கூலியோடு ஆயிரத்து நானூறு ரூபாய். வண்டி இன்னைக்கும் ஓடுது.

இதை வைத்து, எல்லாச் சத்தமும் சின்ன விஷயம்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் 'டக டக' இருப்பது இயல்பு, குளிரில் இன்னும் கூடும். 'டிக் டிக்' என்று தையல் மெஷின் மாதிரி வந்தால் பெரும்பாலும் டேப்பெட், அளவு வைத்தால் போதும். காலையில் 'கீச்' என்றால் பெல்ட்டைப் பார்க்கணும். ஆனால் கனமான இடியோடு ஆயில் லைட்டும் எரிந்தால் அது நிஜமாகவே ஆபத்து. உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்கணும். வீடு வரைக்கும் போயிடலாம் என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும். இன்னொன்று: ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் சேலை முந்தானையோடு குனியாதீங்க. பெல்ட்டை நீங்க கழற்றாதீங்க. மெக்கானிக்கை உங்க கண் முன்னாடி கழற்றிக் காட்டச் சொல்லுங்க.

"பொம்பளைக்கு எதுக்கு இன்ஜின் பேச்சு?" என்று கேட்பவர்கள் இருக்காங்க. நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்ளத் துணையாக நின்றார். அப்போதும் இதே பேச்சுதான் பேசினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். எங்க அம்மாவும் ஏறினார், கழன்ற செயினைத் தானே மாட்டிக்கொள்வார். மாவு அரைபட்டதா, குக்கரில் தண்ணி வற்றியதா, போர் மோட்டார் தண்ணி இல்லாமல் ஓடுதா என்று சத்தத்திலேயே சொல்கிற காது நமக்கு இருக்கு. வண்டிச் சத்தம் மட்டும் கேட்காதா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். வண்டி ரிப்பேர் கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தால், குழு அஞ்சு கேள்வி கேட்கட்டும். சத்தம் நின்னா வருதா, ஓடினா வருதா? க்ளட்ச் மிதிச்சா மாறுதா? சூட்டில் மாறுதா? ஆயில் எப்படி இருக்கு? எது போட்டா கூடுது, எது எடுத்தா குறையுது? பதிலை நோட்டில் எழுதி, ரெண்டு மெக்கானிக்கிடம் காட்டி, ரெண்டு பேர் சொல்லும் தொகையையும் எழுதின பிறகு தீர்மானம் போடுவோம். உண்மையாகவே இன்ஜின் வேலைதான் என்றால் தாராளமாகக் கடன் கொடுப்போம். நாம வாரா வாரம் சேர்த்த சேமிப்பு அது. சரியான இடத்துக்குப் போகட்டும்.