எலும்பில் ஏறிய காரீயமும் மூலிகையின் எல்லையும்

(மயிலாப்பூரில் ஆற்றிய சொற்பொழிவு)

 

என் தந்தையார் இதே மயிலையில் ஓர் அச்சகத்தில் முப்பதாண்டுகள் அச்சுக் கோத்தவர். அந்நாளைய அச்செழுத்து, காரீயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்பட்டது. அதைத் தொட்ட கையாலேயே அவர் உண்பார். கைகழுவ அங்குச் சோப்பு இல்லை, குழாயும் இல்லை. அதற்கு மாறாக, நாள்தோறும் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். நஞ்சை அது முறிக்கும் என்றார்கள், அவரும் நம்பினார். முதுமையில் எலும்பும் மூட்டும் நோக அவர் துன்புற்றார். காரணம் காரீயந்தானா என்று என்னால் உறுதி கூற இயலாது. ஏனெனில், அவருடைய இரத்தத்தை ஒருநாளும் எவரும் சோதித்ததில்லை.

அறிவியல் கூறுவது யாது? காரீயம் சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு எலும்பில் குடியேறுகிறது. வளர்ந்தவர் உடலில் உள்ள காரீயத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் எலும்பிலும் பல்லிலுமே தங்குகிறது. பல்லாண்டுகள் அங்கேயே இருந்து, எலும்பை ஆக்கும் உயிரணுக்களின் வேலையைக் கெடுக்கிறது. கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கிளம்பிச் சேயையும் அடைகிறது. காட்மியம் என்னும் உலோகமோ சிறுநீரகத்தைக் கெடுத்து எலும்பை நொறுக்குகிறது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களை வாட்டிய அந்நோய்க்கு 'இட்டாய் இட்டாய்', அதாவது 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்றே பெயர். சுரங்கக் கழிவே காரணமென்று அந்நாட்டரசு ஒப்புக்கொண்டது 1968-இல்தான்.

அச்செழுத்து மறைந்தது, காரீயம் மறையவில்லை. பழைய பாட்டரி உடைக்கும் பட்டறையிலும், பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டும் வேலையிலும் அது நம்மவரைத் தொடர்கிறது. 2009-இல் வெளியான ஆய்வொன்றில், சென்னையின் 3 முதல் 7 வயது வரையிலான 756 பிள்ளைகளின் இரத்தத்தில், டெசிலிட்டருக்குச் சராசரி 11.4 மைக்ரோகிராம் காரீயம் காணப்பட்டது. தீங்கற்ற அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இனி, மூலிகைக்கு வருவோம். பூண்டு, நெல்லி, முருங்கை ஆகியவற்றின் சாறு, இத்தகைய நஞ்சு ஊட்டப்பட்ட எலிகளில் கேட்டைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. எலும்பு முறிவுக்குப் பிரண்டையை நம் முன்னோர் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளனர். இவற்றை நான் இகழவில்லை. ஆயினும் எலி வேறு, மனிதர் வேறு. எலும்பில் உறைந்த காரீயத்தை ஒரு சாறு வெளியேற்றிவிடும் என்பதற்கு மனிதரிடத்தில் உறுதியான சான்று இன்றில்லை. அன்றியும், இணைய வழியில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. மருந்தே நஞ்சாகலாகாது.

உணவின் பயன் வேறு. வெறும் வயிற்றிலும், சுண்ணாம்பும் இரும்பும் குறைந்த உடலிலும் காரீயம் மிகுதியாக ஏறும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் ஏழையின் கைக்கு எட்டும் கவசங்கள். ஆனால் கவசம் அணிந்தவனும் அம்பு வரும் வழியில் நிற்கலாகாது.

இளைஞர்களே! கைகழுவும் வசதி தொழிலாளியின் உரிமை என்பதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதிவைத்தது. அறிவிக்க வேண்டிய நோய்களுள் முதலாவதாகக் காரீய நஞ்சைக் குறித்தது. வேலை உடையோடு வீடு திரும்பாதீர்கள். இரத்தச் சோதனை கேளுங்கள். வாழைப்பழம் கொடுத்தால் வாங்கி உண்ணுங்கள். ஆனால் சோப்பையும் குழாயையும் கேட்டுப் பெற்ற பின்னரே உண்ணுங்கள். என் தந்தையார் கேட்கத் தெரியாதிருந்தார், நீங்கள் படித்தவர்கள்.