முகாம் பிள்ளைகளும் நம் விடுதியும்



வெள்ளி விழா மேடையில் சாதனைகளை எடுத்துரைப்பதே மரபு. அவற்றை ஆண்டறிக்கை கூறும். கல்விக் குழுவினராகிய நாங்கள் பேச வந்தது முடிவுறாத ஒரு காரியத்தைப் பற்றி.

அருகிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமின் பிள்ளைகளை நம் மாலைப் பள்ளியிலும் விடுதியிலும் சேர்க்கலாமா என்ற வினா சென்ற பொதுக்குழுவில் எழுந்தது. “நம் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லையே” என்றனர் சிலர். நியாயமான கேள்வி, அதை மழுப்பிவிட்டுப் போக நாங்கள் விரும்பவில்லை.

அவர்கள் யார்? 1983 சூலை வன்செயலுக்குப் பின் கடல் கடந்து வந்தோரும், 2009 வரை நீடித்த போரில் அலையலையாக வந்தோரும், இங்கேயே பிறந்த அவர்தம் மக்களும் ஆவர். அவர்களுள் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். 19ஆம் நூற்றாண்டில் கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூட்டிச்சென்ற கூலி மக்களின் வழிவந்தவர்கள். அவ்வாறு சென்றவருள் பெரும்பகுதியினர் எச்சேரியினர் என்பதை இந்த அவைக்கு நாங்கள் சொல்ல வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஆடுமாடு பிரிப்பது போன்ற இக்கணக்கில் அம்மக்களைக் கலந்துகொண்டார் எவருமில்லை. வன்செயலுக்கு அஞ்சித் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியோரைப் போர் மீண்டும் துரத்தியது.

நம் பிள்ளை சாதிச் சான்றிதழைக் காட்டினால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய ஆதிதிராவிடர் உதவித்தொகை பெறலாம். அது இந்தியக் குடிமக்களுக்கே உரியது. முகாமிலுள்ள பிள்ளைக்கு அதே குலம் உண்டு, சான்றிதழ் இல்லை. தமிழக அரசு முகாம் மாணவர்க்கெனத் தனியே உதவி வழங்குவதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

பள்ளியில் சேர்வது இன்று பெருந்தடையன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ‘குடிமகன்’ என்று கூறவில்லை. 6 முதல் 14 வயதுக் ‘குழந்தை’ என்றே கூறுகிறது. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்க மறுக்கலாகாது என்கிறது 14ஆம் பிரிவு. படிப்பு இடையில் விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தித் தனிப்பயிற்சி தரவேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. இடறல் நேர்வது பதினான்கு வயதுக்குப் பிறகு. 1991-க்குப் பின் சில ஆண்டுகள் முகாம் மாணவரின் உயர்கல்வி வாய்ப்பே முடங்கிக் கிடந்தது. இன்று கல்லூரி திறந்திருக்கிறது. ஆனால் பட்டம் பெற்ற அண்ணன் குடியுரிமை இன்றி அரசுப் பணிக்கு மனுப்போட இயலாமல் சுவருக்கு வர்ணமடிக்கப் போகிறான். அதை நாள்தோறும் காணும் தம்பி ஒன்பதாம் வகுப்பிலேயே தூரிகையைக் கையில் எடுத்துவிடுகிறான். அவனைச் சோம்பேறி என்று ஓர் ஆசிரியர் எங்களிடம் சொன்னார். விடியற்காலையில் சாரத்தில் ஏறி நிற்பவனா சோம்பேறி?

2021இல் அகதிகள் முகாம் என்ற பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாறியது. நன்று. ஆயினும் இங்குள்ள முகாமில் ஒரே அறையில் சமையலும் உறக்கமும் நடக்க, பொதுத் தேர்வுக்குப் படிக்கும் பெண் புத்தகத்தை எங்கே விரிப்பாள்?

இனி, இடம் போதாமை. நமக்குப் பள்ளி திறந்தவர்கள் நம்மவர் மட்டும் அல்லர். 1894இல் சென்னையில் பஞ்சமர்க்கு இலவசப் பள்ளி நிறுவிய ஆல்காட் அமெரிக்கர். 1946இல் பம்பாயில் சித்தார்த்தக் கல்லூரியைத் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் அதை எல்லாச் சமூகத்தார்க்கும் திறந்தே வைத்தார். அவர் காலத்தில் நம் மக்களுக்கு இடம் மிகுந்தா கிடந்தது?

ஆகவே நாங்கள் முன்வைப்பது இது. மாலைப் பள்ளியில் முகாம் பிள்ளைகள் வரும் சூன் முதல் அமரட்டும். அதற்குக் கூடுதலாக வேண்டியது இரண்டு விளக்கும் ஒரு பாயும். விடுதியில் இப்போதுள்ள இடங்களில் ஒன்றையும் குறைக்காமல், பின்புறத் தாழ்வாரத்தைச் சுவரெழுப்பி அறையாக்கி, 11, 12ஆம் வகுப்பு மாணவியர் ஐவரைச் சேர்க்கலாம். செங்கல்லுக்கும் கூரைக்குமான மதிப்பீட்டைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம். கொத்து வேலையை முகாம் ஆண்கள் கூலியின்றிச் செய்து தருவதாக ஒப்பியிருக்கிறார்கள். அரைக் கூலியேனும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. எதிர்க்கும் அன்பர்கள் அன்று தவறாமல் வந்து பேச வேண்டுகிறோம்.