அடுத்த வருடம் யார் பிரகாசிப்பாள்?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், தொண்ணூறுகளின் வலைப்பந்தாட்ட அணியினர் சார்பில் ஆற்றிய உரை)



மேடையில் ஒருத்திதான் நிற்கிறாள். ஆனால் பேசுவது நாங்கள் எல்லோரும். இந்த உரையை ரொறன்ரோவில் இருப்பவரும் லண்டனில் இருப்பவரும் ஊரில் இருக்கிற நாங்களும் தொலைபேசியில் சண்டை பிடித்துத்தான் எழுதி முடித்தோம். அந்தக் காலத்தில் மைதானத்தில் பிடித்த சண்டையைவிட இது கொஞ்சம் கூட.

சென்ற தவணையில் சங்கத்தின் நிர்வாகக் குழு எங்களுக்கு ஒரு வேலை தந்தது. வெளிநாட்டுக் கிளைகள் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் வலைப்பந்தாட்ட அணியில் ஒரு பிள்ளைக்கு உதவுதொகை வழங்க முன்வந்திருக்கின்றன. அடுத்த வருடம் யார் மிகவும் பிரகாசிப்பாள் என்று பழைய ஆட்டக்காரிகள் நீங்கள் பார்த்து ஒரு பெயரைச் சொல்லுங்கோ என்றார்கள். இரண்டு பின்னேரம் மைதானக் கரையில், வேப்பமரத்தடியில் இருந்து பார்த்தோம். பன்னிரண்டு பிள்ளைகள். பெயர் எழுத வேண்டிய கடதாசியை வெறுமையாகவே திருப்பிக் கொண்டுவந்தோம். ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

பெயர் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. 1993ஆம் ஆண்டிலிருந்து அதைத்தான் செய்தோம். எங்களிடம் ஒரு கொப்பி இருந்தது. கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள். புது வருடம் பிறந்து இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும், இந்த வருடம் எங்கள் அணியில் யார் மேலே வருவாள் என்று ஒவ்வொருத்தியும் ஒரு பெயர் எழுதுவோம். சரியாகச் சொன்னவளுக்கு மற்றவர்கள் கச்சான் வாங்கிக் கொடுக்க வேண்டும். மின்சாரம் இல்லாத காலம். பந்து கிடைப்பதே அருமை. சைக்கிள் கடைக்காரர் ஒட்டுப் போட்டுத் தந்த பந்து ஒரு பக்கம் சரிந்துதான் எழும்பும். ஆனாலும் கொப்பி ஒழுங்காக எழுதப்பட்டது.

அதில் நாங்கள் எழுதியது இரண்டே விசயம்: உயரம், போன வருடம் போட்ட கோல். வேறு ஒன்றும் இல்லை. மைதானத்தில் எத்தனை நிமிடம் நின்றாள், எத்தனை தரம் எறிந்தாள் என்று குறிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு போட்டியில் எங்கள் கோல் சூட்டர் முழு ஆட்டமும் நின்று 34 தரம் எறிந்து 18 கோல் போட்டாள். கடைசிக் கால்பகுதிக்கு இறங்கிய சின்னப் பிள்ளை 6 எறிந்து 5 போட்டாள். கொப்பியில் 18 என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் இட்டோம். ஐந்தை எழுதவேயில்லை. ஆறு எறிதலை வைத்து ஒரு பிள்ளையை அளக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவளுக்கு ஏழாவது எறிதல் கிடைக்கவில்லையே, அது யாருடைய பிழை?

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரமான பிள்ளைக்கு அது கிட்ட என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். நாங்கள் பார்க்காதது வேறொன்று. பெண்பிள்ளை சாமத்தியப்பட்ட பிறகு சராசரியாக ஒரு 5 முதல் 7 சென்ரிமீற்றர்தான் வளர்வாள். பதினொரு வயதில் பெரியபிள்ளையானவள் பதின்மூன்று வயதில் எல்லோரையும்விட உயரமாக நிற்பாள். பிந்திப் பெரியபிள்ளையாகிறவள் பதினாறில் அவளைத் தாண்டிவிடவும் கூடும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை நிமிர்ந்து பார்த்து, இவள் இன்னும் வளரப்போகிறாள் என்று நாங்கள் எழுதியபோது, அவள் பெரும்பாலும் வளர்ந்து முடித்திருந்தாள்.

அதோடு எங்கள் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. முதலில் வளர்ந்த பிள்ளையைத்தான் வீடு முதலில் மறிக்கும். “இனிக் காணும், குமர்ப்பிள்ளை மைதானத்தில் ஓடுறது” என்று அம்மம்மா ஒரு சொல் சொன்னால் போதும். ஆக, கொப்பியில் யாருடைய பெயரை முதலில் எழுதினோமோ, அவள்தான் முதலில் பயிற்சிக்கு வராமல் நின்றாள். இப்படி இரண்டு பேர். அப்போது அதை விதி என்று நினைத்தோம். ஒருவரும் அவர்கள் வீட்டுப் படலையைத் தட்டிக் கேட்கவில்லை.

1995இல் நாங்கள் அத்தனை பேரும் ஒரே பெயரை எழுதினோம். அணியிலேயே உயரமானவள், கையும் நிதானம். சந்தேகமேயில்லை, அடுத்த வருடம் அவளுடையது என்றோம். ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவை இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அவளுடைய குடும்பம் அங்கிருந்து வன்னிக்குப் போய்விட்டது. 1996இல் நாங்கள் திரும்பி வந்து, பாடசாலை மெல்லத் திறந்து, மறுபடி பந்தைக் கையில் எடுத்தபோது பழைய அணியில் எஞ்சியது நாலு பேர். கோல் சூட்டர் இல்லை, கோல் அற்றாக் இல்லை.

எஞ்சியவர்களில் ஒருத்தி எங்கள் விங் டிபென்ஸ். வலைப்பந்தாட்டம் ஆடாதவர்களுக்குச் சொல்கிறோம்: ஏழு பேரில் கோல் போட உரிமை உள்ளவர்கள் இரண்டு பேர் மட்டும், கோல் சூட்டரும் கோல் அற்றாக்கும். விங் டிபென்ஸ் வாழ்நாள் முழுக்க ஆடினாலும் ஒரு கோல் போட முடியாது, அந்த வட்டத்துக்குள் கால் வைக்கவே கூடாது. ஆகவே எங்கள் கொப்பியில் அவளுடைய பெயர் மூன்று வருடமும் இல்லை. எங்களுக்கு அவள் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிற பிள்ளை. ஆளில்லாத குறைக்கு ரீச்சர் அவளைக் கோல் சூட்டராக நிறுத்தினார். முதல் மூன்று ஆட்டமும் பார்க்கச் சகிக்கவில்லை. நாலாவதிலிருந்து அவளைத் தடுக்க எதிரணிக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தடுப்பவள் எங்கே கை நீட்டுவாள் என்று மூன்று வருடமாகத் தடுத்துத் தடுத்தே படித்திருந்தாள் அல்லவா! அந்த வருடம் ஒருத்திக்கும் கச்சான் கிடைக்கவில்லை.

கூடைப்பந்திலும் இதே கதைதான். 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜெரமி லின் என்ற பெயரை அமெரிக்கா முழுவதும் சொன்னது. அதற்கு முந்திய டிசம்பரில் மட்டும் இரண்டு அணிகள் அவரை வேண்டாம் என்று விட்டிருந்தன. நியூயோர்க் அணியிலும் வாங்கில் இருந்தவர்தான். முன்னணி ஆட்டக்காரர்கள் இல்லாமல் போனபோது இறங்கினார். பெப்ரவரி 4ஆம் திகதி 25 புள்ளிகள். பத்து நாள் கழித்து ரொறன்ரோவில், ஆட்டம் முடிய ஒரு நொடிகூட இல்லாதபோது எறிந்து வென்று கொடுத்தார். ரொறன்ரோச் சகோதரிகளுக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கும். அவருடைய திறமை அந்தப் பத்து நாளில் முளைத்ததா? இடம் திறந்தது, அவ்வளவுதான். எங்கள் விங் டிபென்ஸுக்கும் அப்படித்தான். இடம் திறந்த விதம் மட்டும் எவருக்கும் வரக்கூடாதது.

இதைக் கேட்டால் சிலர் உடனே தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்வார்கள். எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண், 2.08 மீற்றர். உயரத்தைப் பார்த்தாலே போதாதா என்பார்கள். 2009இலும் 2018இலும் 2022இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தவர். அவரைப் பற்றிப் பேசும்போது எங்கள் நெஞ்சும் நிமிரும். ஆனால் 2019ஆம் ஆண்டு லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தைப் பாருங்கள். அந்தத் தொடரிலேயே அதிகூடிய கோல்கள் அவருடையவை, 348. அப்போது அவருக்கு வயது நாற்பது! எந்தக் கொப்பி நாற்பது வயதுக்காரியின் பெயரை எழுதியிருக்கும்? அதே தொடரில் இலங்கைக்குக் கிடைத்தது 16 அணிகளில் 15ஆவது இடம். ஒருத்தி எவ்வளவு உயர்ந்தாலும் அணி உயர்ந்துவிடாது. வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் முடியாது. அந்த 348 கோலுக்கும் பந்தைத் தடுப்பாளரின் தலைக்கு மேலால் அளந்து தூக்கிக் கொடுத்த கைகள் இருந்தன. அந்தக் கைகளின் பெயர் எங்களுக்கே உடனே வாயில் வருவதில்லை.

இனிச் சொல்லப் போவதை உரையில் சேர்ப்பதா விடுவதா என்று எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். சேர்க்கச் சம்மதித்தவள் அதற்குரியவள்தான்.

சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோ இராப்போசனத்தில் அந்தக் கொப்பிக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆறு எறிந்து ஐந்து போட்டாளே, அந்தச் சின்னப் பிள்ளை, இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய், அதே மேசையில் இருந்தாள். சிரிக்கவில்லை. “அக்காமார், நீங்கள் எனக்குப் பந்து போடுறேல்லை” என்றாள். கோபமாக அல்ல, நாள் திகதி சொல்வதுபோலச் சொன்னாள். அவள் வெளியாக நிற்பாளாம். நாங்கள் கண்டும், கொப்பியில் பெயர் இருந்தவளுக்கே போடுவோமாம். ஒரு தவணை பார்த்துவிட்டு, வயிற்றுக்குத்து என்று சொல்லி நின்றுவிட்டாள். அவள் நின்றதையும் நாங்கள் எங்கள் கணிப்பு சரி என்பதற்குச் சாட்சியாகத்தான் வைத்திருந்தோம்.

நாங்கள் வருங்காலத்தைக் கணிக்கவில்லை. எழுதிவிட்டு, எழுதியபடி நடக்கச் செய்தோம்.

ஆகவேதான் கடதாசி வெறுமையாக வந்தது. முன்வரிசையில் இருக்கும் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கு இந்தச் சங்கம் பெரிய எழுத்தில் பெயர் வைத்தால், அடுத்த நாள் பின்னேரமே பந்து அவளிடம்தான் போகும். மற்றப் பதினொரு பேருக்கும் வயிற்றுக்குத்து வரும். இன்றைக்கு அம்மம்மா மறிப்பது குறைவு. மறிப்பது ரியூசன். சாதாரண தரப் பரீட்சை வருடத்தில் பின்னேர வகுப்பு நாலு மணிக்குத் தொடங்குகிறது, பயிற்சியும் நாலு மணிக்கு. நாங்கள் பார்த்த இரண்டாம் நாள் பன்னிரண்டில் ஐந்து பேர் பாதியில் சைக்கிளை எடுத்தார்கள். அடுத்த வருடம் யார் பிரகாசிப்பாள் என்பதைவிட, அடுத்த வருடம் யார் மைதானத்தில் இருப்பாள் என்பதே எங்களுக்குக் கவலையாக இருந்தது.

அதனால் நிர்வாகக் குழுவிடம் மூன்று விசயம் கேட்டிருக்கிறோம். உதவுதொகையை ஒருத்திக்குக் கொடுக்காமல் அணிக்குக் கொடுங்கள்: எல்லோருக்கும் நல்ல சப்பாத்து, பயிற்சி நாளில் முட்டையும் பாலும், இருட்டுமுன் வீடு சேர ஒரு வாகனம். பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்ற முடியுமா என்று ரீச்சரோடும் பெற்றோரோடும் பேசுங்கள். தேவையென்றால் நாங்களும் வீடு வீடாக வருகிறோம், தட்டாத படலைகள் இரண்டு எங்கள் கணக்கில் பாக்கி இருக்கின்றன. மூன்றாவது, நட்புரீதியான போட்டிகளில் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கால்பகுதியாவது இறங்க வேண்டும், ஒவ்வொருத்தியும் ஒரு தரமாவது தன் வழமையான இடத்தை விட்டு வேறு இடத்தில் ஆட வேண்டும். தோற்றால் தோற்கட்டும்.

கொப்பி மட்டும் திரும்ப வேண்டும் என்று ஆசை. புதுக் கொப்பி ஒன்று வாங்கி ரீச்சரிடம் கொடுத்திருக்கிறோம். அதில் பெயருக்கு நேரே உயரம் எழுதக் கட்டம் இல்லை. நின்ற நிமிடம், எறிந்த தரம், விழுந்த கோல், கோலுக்குக் கொடுத்த பந்து, பறித்த பந்து, இவ்வளவுதான். எழுதுவது வாங்கில் இருக்கும் பிள்ளையின் வேலை. போன சனிக்கிழமை ஆட்டத்தின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். பறித்த பந்து என்ற கட்டத்தில் ஒருத்திக்கு 9 என்று இருந்தது. அவள் யார் என்று எங்களில் ஒருவருக்கும் முகம் நினைவில் வரவில்லை. உரை முடிந்ததும் கீழே இறங்கிவந்து கேட்கப் போகிறோம்.