விபத்துச் சிகிச்சை எங்கே அமைய வேண்டும்?

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



இக்கல்லூரியில் படித்து, இன்று வைத்தியராகவும் தாதியராகவும் பணிபுரியும் நாங்கள் சிலர் சேர்ந்து இவ்வுரையைத் தயாரித்தோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பி ஓரிரவு ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். வயிற்றினுள் இரத்தக் கசிவு. மிக அருகிலிருந்த வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோனார்கள். அங்கே கட்டில் இருந்தது. அந்நேரம் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கவில்லை. அடுத்த வைத்தியசாலைக்கு மாற்றும் வழியில் அவன் இறந்துவிட்டான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். இடையில் கிளிநொச்சி, அதற்கப்பால், முல்லைத்தீவு வீதி வந்து சேரும் மாங்குளம். இவ்வளவு நீளமான வீதியில் விபத்துச் சிகிச்சையை எங்கே வைப்பது? இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன.

முதலாவது, அம்புலன்ஸ் எங்கே நிற்க வேண்டும்? அது பரவலாக, சந்திகளுக்கு அண்மையில் நிற்க வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய இலவச சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது பெரிய ஆறுதல்.

இரண்டாவது, சத்திரசிகிச்சை எங்கே நடக்க வேண்டும்? அதற்கு நிபுணர், மயக்க மருந்து வைத்தியர், தாதியர், இரத்த வங்கி, சீ.ரி. ஸ்கேன் எல்லாம் நடுச்சாமத்திலும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இதை ஊருக்கு ஊர் வைத்தால் ஓரிடத்திலும் முழுமையாக இராது. ஆகவே சில இடங்களைத் தெரிந்து, அவற்றை நிறைவாக்க வேண்டும். மூச்சுத் தடைப்பட்டவரை அருகிலுள்ள இடத்தில் நிறுத்தி உயிரைப் பிடித்துக்கொள்ளலாம். மற்றவர்களை, முன்கூட்டியே தொலைபேசியில் அறிவித்து, ஆயத்தமான வைத்தியசாலைக்கே நேராகக் கொண்டுபோக வேண்டும்.

தூரத்தை நிமிடத்தால் அளக்க வேண்டும். நெடுந்தீவு வரைபடத்தில் கிட்டத்தான். இடையில் கடல் இருக்கிறது.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, பிறந்த ஊருக்குக் கட்டடமோ இயந்திரமோ கொடுக்க நீங்கள் நினைப்பது நல்ல மனம். கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இரவு இரண்டு மணிக்கு இதை இயக்க யார் இருப்பார்?" பதில் இல்லையென்றால், பதில் உள்ள இடத்தைப் பலப்படுத்துங்கள். அது உங்கள் ஊராக இல்லாவிட்டாலும், உங்கள் ஊர்ப் பிள்ளை அங்கேதான் பிழைப்பான்.

ஊரிலிருக்கும் நாங்கள் இரத்ததானம் செய்வோம், முதலுதவி பழகுவோம். எங்கள் தோழியின் தம்பிக்குக் கிடைக்காத அந்த ஒரு மணித்தியாலம் இன்னொருவருக்குக் கிடைக்கட்டும்.