பிரான்சுக்குப் போகும் நம் பிள்ளைகளும் முதல் இரண்டு மாதமும்

(காரைக்காலில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியவர்களே, பெற்றோர்களே, கல்லூரிப் பிள்ளைகளே,

பிரெஞ்சு படித்த நம் பிள்ளைகள் இருவர், பிரான்சில் பள்ளிக்கூடங்களில் ஆங்கில மொழி உதவியாசிரியராகப் போக விண்ணப்பிக்க இருக்கிறார்கள். நம்மிடம் உதவி கேட்டிருக்கிறார்கள். கொடுப்பதில் தயக்கமில்லை. ஆனால் முன்பு ஒரு முறை நாம் கொடுத்த விதத்தில் தவறு இருந்தது. அதைச் சொல்லாமல் மறுபடியும் கொடுப்பது சரியாகாது.

சில வருடங்களுக்கு முன் நம் ஊர்ப் பெண் ஒருவர் இதே வேலைக்குப் போனார். விமான டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தோம், துஆ செய்து அனுப்பினோம். "பிரான்சில் நமக்கா ஆளில்லை?" என்று அவருடைய வாப்பாவிடம் சொன்னதும் நாம்தான். காரைக்காலில் யாரைக் கேட்டாலும் பாரிசில் ஒரு உறவு சொல்வார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் பேசிவிட்டோம்.

அவருக்குக் கிடைத்தது பாரிஸ் அல்ல. லிமோஜ் கல்வி மண்டலத்தில் கெரே என்ற சிற்றூர். மக்கள் தொகை சுமார் 13,000. பாரிசில் ரயில் ஏறி இடையில் மாறிப் போக வேண்டும். எந்தப் பகுதி வேண்டும் என்று நாம் விருப்பம் எழுதலாம், முடிவு அவர்களுடையது.

வேலை பாரமானதல்ல. அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 7 மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம். பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்கார வைத்து ஆங்கிலம் பேச வைக்க வேண்டும். "இந்திய மொழியில் ஏதாவது சொல்லுங்கள்" என்று அந்தப் பிள்ளைகள் கேட்பார்களாம். எந்த இந்திய மொழி என்று விளக்கவே முதல் வாரம் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

சிரிக்க முடியாதது பண விஷயம். பிடித்தம் போக மாதம் 800 யூரோவை ஒட்டிக் கையில் வரும். சிற்றூரில் ஒருவர் சிக்கனமாக வாழலாம். ஆனால் சம்பளம் மாதக் கடைசியில்தான். காகிதங்கள் தாமதமானால் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். கட்டில், அடுப்போடு வாடகைக்கு விடும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரை முன்பணம் கேட்க அங்கே சட்டத்திலேயே இடமுண்டு. வங்கிக் கணக்கு தொடங்க விலாசம் கேட்பார்கள். வீட்டுக்காரரோ முதலில் வங்கிக் கணக்கைக் கேட்பார். அந்தப் பெண் அக்டோபர் முழுவதும் இந்தச் சுற்றில்தான் இருந்தார். பல இரவுகள் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுப் படுத்ததை வீட்டில் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகே நமக்குத் தெரிந்தது.

ஆகவே இந்த முறை டிக்கெட்டோடு நிற்க மாட்டோம். இரண்டு மாதச் செலவை அழகிய கடனாகக் கொடுப்போம். ஜனவரியிலிருந்து சிறுகச் சிறுகத் திருப்பினால் போதும். 30 வயது வரை உள்ளவர்களுக்கு 'விசால்' என்ற பெயரில் வாடகைக்கு இலவச ஜாமீன் கிடைக்கிறது. விசா கையில் வந்ததும் அதற்கு எழுதிவிடுங்கள். பள்ளியிலேயே அறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில பள்ளிகளில் இருக்கும். நம் பெண்ணுக்குக் கடைசியில் அப்படித்தான் இடம் கிடைத்தது.

நம் பெயர்கள் தனித் தொல்லை. வாப்பா பெயர் ஒரு சான்றிதழில் இனிஷியலாகவும் இன்னொன்றில் முழுதாகவும் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அங்கே எல்லா அலுவலகத்திலும் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். இங்கேயே சரிசெய்துகொண்டு போங்கள்.

இனி, பேசத் தயங்கும் விஷயம். பிரான்சில் அரசுப் பள்ளி மாணவிகள் தலைத்துணி அணிவதை 2004-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அதற்கு முன்பிருந்தே தடை. மொழி உதவியாசிரியரும் அதில் அடக்கம். தெருவிலும் கடையிலும் தலைத்துணிக்குத் தடையில்லை. போன முறை இது நமக்குத் தெரியும். போகிற பிள்ளையைக் கலங்கடிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில், நம் அறக்கட்டளையின் முதல் பிள்ளை பிரான்சுக்குப் போகிறது என்று ஆண்டறிக்கையில் போடும் ஆசைதான் வாயை அடைத்தது. அவர் முதல் நாள், பள்ளி வாசலில், யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். என்ன செய்தார் என்று நாம் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

போகலாமா கூடாதா என்று அறக்கட்டளை தீர்ப்புச் சொல்லாது. ஆலிம்களிடம் கேளுங்கள். அதற்கு முன் மகளிடம் கேளுங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இந்தப் பேச்சு வீட்டில் நடந்து முடிந்திருக்க வேண்டும்.

தொழுகைக்கு அவ்வளவு சிரமமில்லை. குளிர்காலத்தில் பகல் குறுகிவிடும். டிசம்பரில் மாலை 5 மணியைத் தாண்டியதும் மஃரிப் வந்துவிடும். வெள்ளி மதியம் வகுப்பு வேண்டாம் என்று நேர அட்டவணை போடும்போதே கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்களாம். பள்ளி உணவுக்கூடத்தில் பன்றி இறைச்சி இருக்கும். மீன், முட்டை, காய்கறி கேட்டு வாங்க வேண்டும். நம் பெண்ணுக்கு ஒரு மொரோக்கோ குடும்பம் பழக்கமாகி, வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டது. பாரிசிலிருந்த நம் உறவுக்காரர்கள் ஒருமுறை போன் செய்தார்கள்.

அந்தப் பெண் இப்போது ஒரு கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கிறார். வரும் ஞாயிறு அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வருகிறார். இரண்டு பிள்ளைகளும் உம்மா, வாப்பாவோடு வாருங்கள். பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.