பெயரேடு யார் கையில்?

(பாறசாலையில் நடந்த சங்கப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



சங்கத்துக்கு இணையத்தில் ஒரு பெயர் வாங்க வேண்டும் என்று தீர்மானம் வந்திருக்கிறது. யாரும் எதிர்க்கவில்லை. எந்தப் பெயர் என்பதில்தான் சண்டை. "எந்த அரசாங்கமும் பறிக்க முடியாத தனி ஏட்டுப் பெயர் இருக்கிறது, அதை வாங்குவோம்" என்கிறார் ஒரு தம்பி. நான் பயணச்சீட்டு கொடுத்துப் பிழைப்பவன். என் தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன்.

நீங்கள் வந்து பாறசாலை என்று கேட்கிறீர்கள். நான் கணினியில் அடிப்பது பி.ஏ.எஸ்.ஏ. நெய்யாற்றின்கரைக்கு என்.ஒய்.ஒய். ஹவுராவில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரும் இதையேதான் அடிக்கிறார். எல்லாருக்கும் ஏடு ஒன்று என்பதால் சீட்டு செல்லுகிறது. இணையத்திலும் நாம் பெயரை அடிக்கிறோம். அதற்குரிய எண்ணை ஏடு சொல்கிறது. அதன் உச்சியிலுள்ள வேர்ப்பட்டியல் ஒன்றே ஒன்று. அதை நிர்வகிப்பது கலிபோர்னியாவில் இருக்கும் ஐக்கான். பட்டியலைச் சொல்ல 13 சேவையகப் பெயர்கள் உண்டு. அவற்றில் பத்தை நடத்துபவை அமெரிக்க அமைப்புகள். நகல்கள் உலகெங்கும் இருக்கின்றன. ஆனால் நகல் வைத்திருப்பவன் ஏட்டைத் திருத்த முடியாது.

1998 ஜனவரியில் ஜான் போஸ்டல் என்ற அறிஞர் எட்டுச் சேவையகங்களை நடத்தியவர்களுக்கு எழுதி, இனி என்னிடமிருந்து பட்டியலை எடுங்கள் என்றார். அவர்களும் எடுத்தார்கள்! அமெரிக்க அரசு அதட்டியதும் பழையபடி மாற்றினார். அந்த அரசின் ஒப்பந்தம் முடிந்தது 2016 அக்டோபர் 1-ல்தான்.

வேறு ஏடு போடக் கூடாதா? போட்டிருக்கிறார்கள். 2000-ல் தொண்டர்கள் சேர்ந்து ஓப்பன்நிக் தொடங்கினார்கள். 2011-ல் நேம்காயின் வந்தது, அதன் '.பிட்' பெயர்களை நடுவிலிருந்து யாரும் அழிக்க முடியாது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் நச்சு நிரல் பரப்புகிறவனின் பெயரையும் அழிக்க முடியாது; அதனால் 2019-ல் ஓப்பன்நிக்கே '.பிட்'டைக் கைவிட்டது. அதைவிடப் பெரிய சங்கடம், தன் கருவியைத் தனியாகத் திருத்தி வைத்தவனுக்குத்தான் அந்தப் பெயர்கள் திறக்கும். நம் விளவங்கோட்டு மச்சானின் கைப்பேசியில் திறக்காத பெயர் நமக்கு எதற்கு?

தம்பியின் பயம் பொய்யல்ல. கத்தலான் மொழிக்காரர்கள் போராடி 2005-ல் '.கேட்' பெற்றார்கள். 2017 செப்டம்பரில், பொதுவாக்கெடுப்பை ஒட்டி, ஸ்பெயின் காவலர்கள் அந்தப் பதிவகத்துக்குள்ளேயே புகுந்தார்கள். நம் பெயர் எந்த ஏட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்த அனுபவம் நமக்கும் உண்டு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. முன்பு நமக்கிருந்த பெயரை எந்த அரசும் பறிக்கவில்லை. ஒருவர் கைப்பேசி எண்ணில் வாங்கினோம், அவர் வளைகுடா போனார், புதுப்பிக்கத் தவறினோம், எவனோ எடுத்துக்கொண்டான். தமிழ்ப் பள்ளி மனுக்கள் அத்தனையும் அதோடு போயின.

ஆகவே என் திருத்தம் இது. எல்லாருக்கும் திறக்கிற '.இந்தியா' பெயரைத் தமிழிலேயே வாங்குவோம். அதன் ஏடு நிக்சி கையில், டில்லியில் இருக்கிறது. நம் கையில் இல்லை. எனவே மனுக்களின் நகல் இரண்டு, ஒன்று காகிதத்தில், சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்க வேண்டும், அதில் ஒருவர் மகளிர் குழுவிலிருந்து. புதுப்பிக்கும் தேதியைப் பொருளாளர் வரவு செலவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, ஆண்டுதோறும் பொதுக்குழுவில் வாசிக்க வேண்டும்.